திறந்து கிடந்த கதவு: 'தி மேக்டலின் சிஸ்டர்ஸ்' படம் பற்றிப் பேசலாம்

தொடுவானம்

நேற்று இரவு 'தி மேக்டலின் சிஸ்டர்ஸ்' பார்த்தேன். 2002இல் வந்த படம், பீட்டர் முல்லன் எழுதி இயக்கியது. அந்த வருடம் வெனிஸ் திரைப்பட விழாவில் தங்கச் சிங்கம் வாங்கியது. வாடிகனின் நாளிதழ் படத்தைக் கடுமையாகக் கண்டித்தும் எழுதியது. இத்தனை வருடம் பார்க்காமல் விட்டுவிட்டேனே என்று இருக்கிறது. தூக்கம் வரவில்லை, அதனால்தான் இந்த இழை. கதை முழுவதையும் பேசப்போகிறோம். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

1964, அயர்லாந்து. மூன்று பெண்கள். மார்கரெட்டை ஒரு கல்யாண வீட்டில் அவளுடைய உறவுக்காரப் பையனே பலாத்காரம் செய்கிறான். பெர்னடெட் அநாதை இல்லத்தில் வளர்பவள், அழகாக இருப்பதும் வேலிக்கு அப்பால் நிற்கும் பையன்களோடு பேசுவதும் அவள் செய்த குற்றம். ரோஸ் கல்யாணம் ஆகாமல் குழந்தை பெற்றவள். மூவரையும் கன்னியாஸ்திரிகள் நடத்தும் சலவைக்கூடத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். எத்தனை நாளைக்கு என்று யாரும் சொல்வதில்லை. கூலி கிடையாது. ரோஸ் என்ற பெயரில் அங்கே ஏற்கெனவே ஒருத்தி இருப்பதால் இவள் பெயரை பெட்ரிஷியா என்று மாற்றிவிடுகிறார்கள்.

முதல் காட்சியையே மறக்க முடியவில்லை. பாதிரியார் ஒருவர் கைப்பறையைத் தட்டிக்கொண்டு பாடுகிறார், கூட்டம் ரசிக்கிறது. மாடியிலிருந்து இறங்கி வரும் மார்கரெட் பக்கத்தில் இருக்கும் பெண்ணிடம் நடந்ததைச் சொல்கிறாள். அந்தச் செய்தி ஒருவர் காதிலிருந்து இன்னொருவர் காதுக்குப் போய் அப்பாவிடம் சேர்கிறது. நமக்கு ஒரு சொல்கூடக் கேட்பதில்லை. பாட்டு சத்தத்துக்கு நடுவே வாய்கள் அசைகின்றன, கண்கள் திரும்புகின்றன. முதலில் அந்தப் பையனைப் பார்க்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் எல்லோருடைய பார்வையும் அவள் மேல் வந்து நிற்கிறது. மறுநாள் விடியும் முன்பே அவளை காரில் ஏற்றிவிடுகிறார்கள். அவனை யாரும் எங்கும் அனுப்பவில்லை.

நான் கேட்க வந்தது வேறு. படத்தின் நடுவே ஒரு நாள் தோட்டத்துக் கதவு பூட்டாமல் கிடக்கிறது. மார்கரெட் பார்க்கிறாள். தள்ளிக்கொண்டு வெளியே வருகிறாள். மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு சாதாரண கிராமச் சாலை, அவ்வளவுதான். ஒரு கார் வந்து நிற்கிறது. ஏறிக்கொள்கிறாயா என்று ஓட்டி வந்தவன் கேட்கிறான். அவள் வேண்டாம் என்றுவிட்டுத் திரும்பி உள்ளே போய்விடுகிறாள்.

ஏன் போனாள்? எனக்குப் பதில் தெரியும் போலவும் இருக்கிறது, தெரியாதது போலவும் இருக்கிறது. உங்களுக்கு என்ன தோன்றியது?

கிளிஞ்சல்

அந்தக் காட்சியில் நான் திரையைப் பார்த்து 'ஏறு, ஏறு' என்று வாய்விட்டே சொன்னேன்.

ஆனால் யோசித்துப் பாருங்கள், ஏறி எங்கே போவாள்? வீட்டுக்கா? அனுப்பியதே அப்பாதான். அதற்கு முன்னால் ஊனா என்ற பெண் தப்பித்து ஓடுவாள், நினைவிருக்கிறதா? அவளை போலீஸ் பிடித்து வரவில்லை. பெற்ற அப்பாவே இரவில் தூங்குமிடம் வரை தரதரவென்று இழுத்து வந்து, பெல்ட்டைக் கழற்றி அடித்து, உனக்கு அம்மாவும் கிடையாது அப்பாவும் கிடையாது என்று கத்திவிட்டுப் போவார். அந்த அப்பாவாக நடித்திருப்பவர் இயக்குநர் பீட்டர் முல்லனே. மிகக் கொடூரமான அந்தப் பாத்திரத்தை அவர் வேறு யாருக்கும் கொடுக்கவில்லை.

அதைப் பார்த்த பெண்களுக்குப் பிறகு மதில் எதற்கு? மார்கரெட்டும் அந்த அறையில்தானே படுத்திருந்தாள். இன்னொன்று, நிறுத்தியவன் ஓர் ஆண். தெரியாத ஆணின் காரில் ஏறுவது அவளுக்கு விடுதலையாகத் தெரிந்திருக்குமா? அவளுக்கு நடந்தது என்ன என்பதை மறந்துவிட்டு நாம் 'ஏறு' என்கிறோம். நானும்தான். இப்போது வருத்தமாக இருக்கிறது.

மறுபார்வை

நான் கொஞ்சம் மாற்றிப் பேசப்போகிறேன், கோபப்படாமல் படியுங்கள்.

நான் கத்தோலிக்கன். எனக்கு எழுத்து சொல்லிக் கொடுத்தது ஒரு கன்னியாஸ்திரி. என் அம்மா நோயில் கிடந்தபோது இரவெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததும் ஒரு கன்னியாஸ்திரி. இந்தப் படத்தில் அப்படி ஒருவர்கூட இல்லை. சலவைக்கூடத்தின் தலைவியான சிஸ்டர் பிரிட்ஜெட் நோட்டுக்கட்டுகளை எண்ணிக்கொண்டே பாவத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்கிறார். பெண்களை நிர்வாணமாக வரிசையில் நிறுத்தி யாருக்கு எது பெரிது என்று சிஸ்டர்கள் சிரிக்கிறார்கள். ஃபாதர் ஒருவர் மனவளர்ச்சி குன்றிய கிறிஸ்பினாவைப் பயன்படுத்திக்கொள்கிறார். எல்லாக் கெட்டதையும் ஒரே கட்டடத்துக்குள் கொண்டுவந்து அடைத்தது போல இருக்கிறது.

அயர்லாந்து அரசு மார்ட்டின் மெக்காலீஸ் தலைமையில் ஒரு குழு அமைத்து 2013 பிப்ரவரியில் அறிக்கை வெளியிட்டது. அதைப் படித்தேன். 1922 முதல் 1996 வரை பத்து சலவைக்கூடங்களுக்குள் போனவர்கள் சுமார் 10,000 பேர். நடுமதிப்பாகப் பார்த்தால், அதாவது எல்லோரையும் இருந்த காலப்படி வரிசையாக நிறுத்தி நடுவில் வருபவரை எடுத்தால், ஒரு பெண் உள்ளே இருந்தது ஏழு மாதத்துக்கும் குறைவு. குழுவிடம் பேசிய பெண்களில் பெரும்பாலோர் அடி உதை பற்றிச் சொல்லவில்லை, திட்டையும் அவமானத்தையும் பற்றித்தான் சொன்னார்கள். கொடுமை நடக்கவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. படம் காட்டுகிற கொடுமையும் பதிவில் இருக்கிற கொடுமையும் ஒன்றுதானா என்பதுதான் என் கேள்வி.

இரவு வாசகன்

1996 வரையா? எழுத்துப் பிழையில்லையே? நான் இதை ஏதோ பத்தொன்பதாம் நூற்றாண்டின் மிச்சம் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்.

முன்பனி

இரவு வாசகன், பிழையில்லை. கடைசி சலவைக்கூடம் டப்ளின் நகரின் நடுவிலேயே, ஷான் மெக்டெர்மட் தெருவில் இருந்தது. 1996 அக்டோபர் 25 அன்று மூடினார்கள். யாருக்கோ மனம் மாறி மூடியதும் இல்லை. எழுபதுகளிலேயே வீட்டுக்கு வீடு வாஷிங் மெஷின் வந்துவிட்டது, வருமானம் குறைந்துகொண்டே போனது, ஒவ்வொன்றாக இழுத்து மூடினார்கள். கடைசியில் அங்கே எஞ்சியிருந்தவர்கள் வயதான பெண்கள். பலருக்குப் போக்கிடம் இல்லை, சிஸ்டர்களின் பராமரிப்பிலேயே இருந்துவிட்டார்கள்.

மறுபார்வை, நீங்கள் கோபமில்லாமல் கேட்டீர்கள், நானும் அப்படியே சொல்கிறேன். அந்த அறிக்கையை நானும் படித்தேன். ஏழு மாதக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். வந்த தேதியும் போன தேதியும் பதிவேட்டில் கிடைத்த பெண்களை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு அது. பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு அந்தக் குறிப்பே கிடையாது. கால்வேயிலும் டன்லேரியிலும் இருந்த இரண்டு சலவைக்கூடங்களின் பதிவேடுகளே மிஞ்சவில்லை. அதே அறிக்கையில் சராசரி மூன்று வருடத்துக்கும் மேல். நடுமதிப்பு ஏழு மாதம், சராசரி மூன்று வருடம் என்றால் என்ன அர்த்தம்? ஒரு பக்கம் சில வாரங்களில் போனவர்கள், மறு பக்கம் வாழ்நாள் முழுக்க அங்கேயே கிடந்து செத்தவர்கள். படத்தில் வரும் கிழவி கேட்டி நாற்பது வருடம் அங்கே இருந்தவள். அவளைப் போன்றவர்கள் ஏழு மாதம் என்ற எண்ணுக்குள் காணாமல் போய்விடுகிறார்கள்.

குழுவிடம் பேசியவர்கள் 118 பேர். பத்தாயிரத்தில் 118. மீதிப் பேர் பெரும்பாலும் இறந்துவிட்டார்கள், உயிரோடு இருப்பவர்களில் பலர் கட்டிய கணவனிடமும் பெற்ற பிள்ளைகளிடமும்கூட சொல்லாதவர்கள்.

ஒரு விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போகிறேன். எல்லாவற்றையும் ஒரே கட்டடத்துக்குள் அடைத்திருக்கிறார், உண்மை. 1998இல் ஸ்டீவ் ஹம்ஃப்ரீஸ் எடுத்த ஒரு ஆவணப்படத்தைப் பார்த்துத்தான் பீட்டர் முல்லனுக்கு இந்தப் படம் எடுக்கத் தோன்றியது. அதில் பேசிய பெண்களின் கதைகள் வெவ்வேறு இடத்தில் நடந்தவை. அவர் அவற்றைச் சேர்த்துப் பின்னியிருக்கிறார். கதைப் படம் அப்படித்தான் செய்யும். ஆனால் அந்த நிர்வாணக் காட்சி போன்றவை அவர் மனதில் உதித்தவை என்று நினைக்காதீர்கள், ஆவணப்படத்தில் ஒரு பெண் தன் வாயாலேயே சொல்கிறார்.

நீராவி

இந்தத் தளத்தில் நான் அதிகம் எழுதியதில்லை. ஒரு மருத்துவமனையின் சலவைப் பிரிவில் ஆறு வருடம் வேலை பார்த்தவள் என்பதால் எழுதுகிறேன்.

துணி துவைப்பது என்றால் எல்லோரும் சோப்பு நுரையை நினைப்பார்கள். சலவைக்கூடம் என்றால் எடை. ஈரமான இரட்டைக் கட்டில் விரிப்பு ஒன்றை ஒருவரால் தனியாகத் தூக்கிப் பிழிய முடியாது. இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்து எதிரெதிர்ப் பக்கம் முறுக்க வேண்டும். ஒருவர் கை தளர்ந்தால் மற்றவர் மணிக்கட்டு பிசகும். அப்புறம் வாசனை. வெளுப்புக் காரம் மூக்கில் ஏறினால் சாப்பாட்டில் ருசியே தெரியாது, இரவு வீட்டுக்குப் போய் தலை குளித்தாலும் முடியில் அது இருக்கும். விரல் இடுக்குகளில் தோல் வெள்ளையாக ஊறி, காய்ந்தால் வெடிக்கும். நாங்கள் கையுறை போட்டும் இந்த நிலை.

எனக்கு மாதச் சம்பளம் இருந்தது. வார விடுமுறை இருந்தது. முதுகு போனபோது விட்டுவிட்டு வரவும் முடிந்தது.

படத்தில் அந்தப் பெண்கள் பேசாமல் வேலை செய்வார்கள், பேசினால் தண்டனை. மெஷின் இரைச்சலில் நாங்கள் பேசுவது வாயசைவில்தான், கண்ணைப் பார்த்தே பாதி புரிந்துவிடும். நாள் முழுக்க எதிரில் நிற்பவளிடம் அதுகூடக் கூடாது என்றால், விரிப்பை முறுக்கும்போது 'இரு, கை வலிக்கிறது' என்று சொல்வதுகூடக் கூடாது என்று அர்த்தம். அந்த இடத்தில் நான் படத்தை நிறுத்திவிட்டு எழுந்து போய்விட்டேன். அடிக்கிற காட்சியை எல்லாம் பார்த்துவிட்டேன், இதைப் பார்க்க முடியவில்லை.

தொடுவானம்

நீராவி, எழுதியதற்கு நன்றி. உங்கள் பதிவைப் படித்த பிறகு படத்தின் சலவைக் காட்சிகளைத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். முதல் தடவை அவை எனக்குப் பின்னணி போலத்தான் தெரிந்தன. இப்போது எல்லோருடைய கைகளையும் பார்த்தேன்.

அப்படிப் பார்க்கும்போது ஒன்று உறைத்தது. அந்தத் துணியெல்லாம் யாருடையது?

முன்பனி

அதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

ஹோட்டல்கள், மருத்துவமனைகள், பள்ளிகள், பாதிரியார் இல்லங்கள், வசதியான வீடுகள். அரசுத் துறைகளும் ராணுவமும் கூட. இது வதந்தியல்ல, அரசுக் குழுவின் அறிக்கையிலேயே இருக்கிறது. ஒப்பந்தம் போடும்போது யார் குறைந்த விலைக்குத் துவைத்துத் தருகிறார்களோ அவர்களுக்குக் கொடுத்தார்கள். கூலியே கொடுக்காத இடத்தோடு யார் விலையில் போட்டி போட முடியும்? அந்த வேலைக்கு சமூகக் காப்பீட்டுத் தொகையும் கட்டப்படவில்லை. அதனால் வெளியே வந்து வயதான பெண்களின் ஓய்வூதியக் கணக்கில் அந்த வருடங்கள் வெறுமையாகக் கிடந்தன.

உள்ளே போனவர்களில் நான்கில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமானோர் அரசின் வழியாக வந்தவர்கள். நீதிமன்றம் அனுப்பியது, சமூகநலத் துறை அனுப்பியது, தொழில்பள்ளி என்ற பெயரில் நடந்த சிறுவர் காப்பகங்களிலிருந்து நேரே மாற்றியது. ஓடியவர்களை கார்டா, அதாவது அந்த ஊர் போலீஸ், திரும்பக் கொண்டுவந்து விட்டதும் உண்டு. மற்றவர்களைக் குடும்பமும் பாதிரியாரும் கொண்டுவந்து விட்டார்கள்.

மறுபார்வை, சிஸ்டர்கள் மேல் மட்டும் பழி போடுவது தவறு என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதனால் அவர்கள் பாரம் குறையவில்லை, பாரம் சுமக்க வேண்டியவர்கள் கூடுகிறார்கள். வாரா வாரம் வண்டியில் வெள்ளைத் துணி மடித்து வந்து இறங்கும்போது வாங்கி அலமாரியில் வைத்த ஒவ்வொரு வீட்டுக்கும் மதிலுக்குள் பெண்கள் இருப்பது தெரியும். மார்கரெட் கதவைத் திறந்து வெளியே வந்தாளே, அவள் வந்து நின்றது அந்த வீடுகள் இருக்கும் சாலைக்கு.

கிளிஞ்சல்

முன்பனி அக்கா, அந்தக் கடைசி வரியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இரவு வாசகன்

நேற்று முழுக்க இதைப் பற்றித்தான் தேடிப் படித்துக்கொண்டிருந்தேன். 1993இல் நடந்ததை யாரும் இன்னும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

டப்ளினில் ட்ரம்கோண்ட்ரா என்ற பகுதி. அங்கே ஹை பார்க் என்ற மடத்தின் சலவைக்கூடம் நாட்டின் பெரியவற்றுள் ஒன்று. பணத் தேவைக்காக மடம் தன் நிலத்தின் ஒரு பகுதியைக் கட்டுமான நிறுவனத்துக்கு விற்றது. அந்த நிலத்தில்தான் அங்கே இறந்த பெண்களின் கல்லறை. 133 உடல்களைத் தோண்டி எடுக்க அனுமதி வாங்கியிருந்தார்கள். தோண்டும்போது மேலும் 22 உடல்கள் இருந்தன. மொத்தம் 155. அவர்களில் பலருக்கு இறப்புச் சான்றிதழே இல்லை. சிலருக்கு முழுப் பெயர் இல்லை, சலவைக்கூடத்தில் வைத்த புனிதர் பெயர் மட்டும்தான். வேலையை நிறுத்தி யார் இந்த 22 பேர் என்று விசாரித்திருக்க வேண்டும் இல்லையா? கூடுதல் அனுமதி கொடுத்தார்கள். பெரும்பாலான உடல்களைத் தகனம் செய்து கிளாஸ்நெவின் கல்லறையில் சேர்த்துவிட்டார்கள்.

ரோஸை பெட்ரிஷியா ஆக்கும் காட்சியைப் பார்த்தபோது சின்ன அவமானம் என்றுதான் எடுத்துக்கொண்டேன். இதைப் படித்த பிறகுதான் பெயரை எடுத்துக்கொள்வது எங்கே போய் முடியும் என்று புரிந்தது.

வெண்சங்கு

எல்லோரும் அந்த மூவரைப் பற்றியே பேசுகிறீர்கள். என்னால் மறக்க முடியாதவள் கிறிஸ்பினா. ஐலீன் வால்ஷ் நடித்திருக்கிறார்.

அவளுக்கு ஒரு மகன். தங்கை அவனைக் கூட்டிக்கொண்டு மதிலுக்கு வெளியே தூரத்தில் வந்து நிற்பாள், இவள் உள்ளிருந்து பார்ப்பாள். அவ்வளவுதான் உறவு. கழுத்தில் புனித கிறிஸ்டோபர் பதக்கம் ஒன்று போட்டிருப்பாள். மகனோடு பேசுவதற்கான தொலைபேசி அதுதான் என்று நம்புகிறாள். பெர்னடெட் அதை எடுத்து ஒளித்து வைத்துக்கொள்கிறாள். ஏன் செய்தாள் என்று படம் விளக்குவதில்லை. என்னால் ஊகிக்க முடிகிறது. எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்ட இடத்தில், இன்னொருத்தியிடமிருந்து எதையாவது பிடுங்கினால்தான் தனக்கும் கை இருக்கிறது என்று தோன்றும். பெர்னடெட்டை எனக்கு ரொம்பப் பிடிக்கும், அந்தக் காட்சியில் அவளை வெறுத்தேன். சாகக் கிடக்கும் கேட்டியிடம் அவள் நடந்துகொள்ளும் விதமும் அப்படித்தான். அடக்குமுறைக்கு உள்ளானவர்கள் நல்லவர்களாகிவிடுவார்கள் என்று படம் பொய் சொல்லவில்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே பீட்டர் முல்லன் மேல் எனக்கு மரியாதை.

அப்புறம் அந்த வயல்வெளிக் காட்சி. மார்கரெட் பழி வாங்க நினைத்து ஃபாதரின் துணிகளோடு அரிப்புச் செடியைப் போட்டுவிடுகிறாள். திறந்தவெளியில் எல்லோர் முன்னாலும் அவர் அரிப்பு தாங்காமல் உடையை அவிழ்த்தெறிந்து ஓடுகிறார். நாம் சிரிக்கத் தயாராகும்போதே கிறிஸ்பினாவுக்கும் அதே அரிப்பு என்பதைக் காட்டுகிறார்கள். அவள் அவரைப் பார்த்துக் கத்த ஆரம்பிக்கிறாள்: நீ கடவுளின் மனிதன் இல்லை. மறுபடியும். மறுபடியும். நிறுத்துவதே இல்லை. முதல் நாலைந்து தடவை கோபமாகக் கேட்கிறது. பிறகு அழுகையாக. அப்புறம் அது என்னவென்றே சொல்லத் தெரியவில்லை, காது கூசுகிறது, ஆனால் அவள் நிறுத்திவிடக் கூடாதே என்றும் இருக்கிறது. அன்று இரவே அவளை மனநோய் விடுதிக்குக் கொண்டுபோய்விடுகிறார்கள். பாதிரியாரைப் பற்றி உண்மையைச் சொன்ன ஒரே ஆள் அவள்.

மார்கரெட் செய்த காரியத்தின் விலையை கிறிஸ்பினா கொடுத்தாள் என்பதும் எனக்கு நெருடுகிறது. மார்கரெட்டுக்கும் அது தெரியும்.

மறுபார்வை

இரண்டு நாளாகப் பதில் எழுதாமல் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன்.

சராசரிக்கும் நடுமதிப்புக்கும் உள்ள வித்தியாசத்தை முன்பனி சொன்னது சரி. நான் எனக்கு வசதியான எண்ணை எடுத்துக்கொண்டேன். 155 உடல்கள் பற்றி எனக்குத் தெரியாது. திருச்சபையின் பிள்ளை என்ற முறையில், இறந்தவர்களை அப்படிக் கையாண்டதைப் படித்தபோது வெட்கமாக இருந்தது. இறந்தோரை அடக்கம் செய்வது இரக்கச் செயல்களில் ஒன்று என்று எங்களுக்குச் சிறு வயதிலேயே சொல்லிக் கொடுப்பார்கள்.

இன்னொன்று சொல்ல வேண்டும். மேக்டலின் என்றால் மகதலா மரியா. அவர் பெயரை இந்த இடங்களுக்கு வைத்ததே தவறு. நற்செய்தி நூல்களில் எங்குமே அவர் விபச்சாரி என்று இல்லை. இயேசுவின் காலைக் கண்ணீரால் கழுவிய பெயரில்லாத பெண்ணையும் மகதலா மரியாவையும் ஒருவராக்கி 591இல் திருத்தந்தை பெரிய கிரகோரி ஒரு மறையுரையில் பேசினார், அது அப்படியே ஒட்டிக்கொண்டது. உயிர்த்த ஆண்டவரை முதலில் பார்த்து, போய் மற்றவர்களிடம் சொல் என்று அனுப்பப்பட்டவர் அவர். 2016இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவர் நினைவு நாளைத் திருத்தூதர்களுக்கு இணையான விழாவாக உயர்த்தினார். வாய் திறந்து சாட்சி சொன்ன பெண்ணின் பெயரால் பெண்களைப் பேசாதே என்று அடைத்து வைத்திருந்தார்கள். இது எதிரிகள் சொல்லும் குற்றச்சாட்டு அல்ல, என் விசுவாசத்திலிருந்தே சொல்கிறேன்.

ஆனாலும் என் முதல் பதிவில் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்க மாட்டேன். நல்ல சிஸ்டர் ஒருவரைக் காட்டியிருந்தால் படம் இன்னும் பயங்கரமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். இரக்கமுள்ள ஒருத்தி, அழுதுகொண்டே, மறுநாள் காலை அதே கதவை அதே சாவியால் பூட்டுகிறாள் என்று காட்டியிருந்தால் என் போன்றவர்களால் 'அது அந்தக் கெட்டவர்கள்' என்று தப்பித்திருக்க முடியாது.

தொடுவானம்

மறுபார்வை, இப்படி ஒரு பதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. மனமார்ந்த நன்றி.

நீங்கள் கடைசியில் சொன்னது படத்தில் கொஞ்சம் இருக்கிறது. கிறிஸ்துமஸுக்குப் படம் போடுவார்கள், நினைவிருக்கிறதா? இங்க்ரிட் பெர்க்மன் கன்னியாஸ்திரியாக நடித்த பழைய ஹாலிவுட் படம். சிஸ்டர் பிரிட்ஜெட் தனக்குச் சின்ன வயதிலிருந்தே சினிமா என்றால் உயிர் என்கிறார். திரையில் அந்த நல்ல சிஸ்டரைப் பார்க்கப் பார்க்க இவருக்குக் கண்ணீர் வழிகிறது. சிஸ்டர் பிரிட்ஜெட்டாக வரும் ஜெரால்டின் மெக்வான் அந்த இடத்தில் துளிகூட மிகையில்லாமல் நடித்திருக்கிறார். தன்னை அவர் அந்தத் திரையில் தெரியும் பெண்ணாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார். பின்வரிசையில் அவர் அடைத்து வைத்த பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்கு அது பெல்ட் அடியைவிடப் பயமாக இருந்தது.

நீராவி

அந்தப் பெண்களுக்கு அப்புறம் ஏதாவது கிடைத்ததா? சம்பள பாக்கியாவது?

முன்பனி

நீராவி, கிடைத்தது, மிகத் தாமதமாக. அதுவும் தானாக வரவில்லை. மேக்டலின் பெண்களுக்கு நீதி என்று ஒரு சிறிய குழு பல வருடம் ஆவணங்களைத் தேடி எடுத்து ஐக்கிய நாடுகள் சபை வரை போனது. 2011இல் சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. குழு அயர்லாந்தை விசாரிக்கச் சொன்னது. அதன் பிறகுதான் மெக்காலீஸ் குழு.

2013 பிப்ரவரி 5 அன்று அறிக்கை வெளிவந்தபோது பிரதமர் எண்டா கென்னி முழுதாக மன்னிப்புக் கேட்கவில்லை. பெண்கள் கொதித்துப்போனார்கள். இரண்டு வாரம் கழித்து, 19ஆம் தேதி, நாடாளுமன்றத்தில் அரசின் சார்பாக மன்னிப்புக் கேட்டார். உள்ளே இருந்த பெண்கள் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பேச்சின் முடிவில் அவருக்குத் தொண்டை அடைத்தது. உறுப்பினர்கள் எழுந்து மாடத்தைப் பார்த்துக் கைதட்டினார்கள். காணொளி இருக்கிறது, பாருங்கள்.

உள்ளே இருந்த காலத்தைப் பொறுத்து 11,500 யூரோ முதல் 1,00,000 யூரோ வரை இழப்பீடு. சலவைக்கூடங்களை நடத்திய நான்கு துறவற சபைகளிடமும் பங்கு கேட்டது அரசு. நான்கும் மறுத்துவிட்டன.

2018 ஜூனில் உயிரோடு இருந்தவர்களில் இருநூறுக்கும் மேற்பட்ட பெண்களை டப்ளினுக்கு அழைத்து குடியரசுத் தலைவர் மாளிகையில் வரவேற்பும் நகர மேயரின் மாளிகையில் விருந்தும் கொடுத்தார்கள். பலர் முதல் தடவையாகத் தன் போன்ற இன்னொருத்தியிடம் பேசியது அன்றுதான். விருந்து மண்டப வாசலில் ஊர் மக்கள் திரண்டு நின்று வரவேற்றார்கள். அந்தத் தெருக்களில் நின்றவர்களில் எத்தனை பேர் வீட்டுத் துணி அந்தக் காலத்தில் அங்கே போய் வந்ததோ. ஆனாலும் வந்து நின்றார்கள். எனக்கு அது முக்கியமாகப் பட்டது.

வெண்சங்கு

தொடுவானத்தின் முதல் கேள்விக்குத் திரும்புகிறேன். மார்கரெட் கடைசியில் எப்படி வெளியே போகிறாள்? தம்பி ஏமன் வளர்ந்து, பாதிரியாரின் கடிதத்தோடு வந்து கூட்டிப் போகிறான். நாலு வருடம் கழித்து. அவளுக்கு முதலில் வருவது சந்தோஷமில்லை, கோபம். ஏன் இவ்வளவு நாள் என்று கேட்கிறாள். நான் வளர வேண்டியிருந்தது என்பது போல அவன் சொல்கிறான். பெர்னடெட்டும் ரோஸும் சாவியைப் பறித்துக்கொண்டு ஓடுகிறார்கள், இவள் முன்வாசல் வழியாகப் போகிறாள். அவளுக்குத் தேவைப்பட்டது திறந்த கதவு இல்லை போலிருக்கிறது. கதவுக்கு வெளியே அவளுக்காக வந்து நிற்கிற ஒருவர்.

தொடுவானம்

வெண்சங்கு, இதைப் படித்ததும் தொடக்கத்தை மறுபடி போட்டுப் பார்த்தேன்.

கல்யாணத்துக்கு மறுநாள் அதிகாலை. வீடு இருட்டாக இருக்கிறது. அப்பா வந்து மார்கரெட்டை எழுப்புகிறார், கிளம்பு என்கிறார். வெளியே கார், பாதிரியார். பெரியவர்கள் யாரும் பேசுவதில்லை. அந்த வீட்டில் வாயைத் திறப்பது ஒரே ஒருவன், சின்னப் பையன். தூக்கம் கலைந்து எழுந்தவன் அக்காவை எங்கே கூட்டிப் போகிறார்கள் என்று கேட்கிறான். யாரும் பதில் சொல்லவில்லை. முதல் தடவை பார்த்தபோது அவன் முகத்தை நான் கவனிக்கவே இல்லை.